எரிகோவின் உள்ளே இருந்தவர்கள்

எங்கள் சபை ஆயர் ஐயாவுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

ஸ்தோத்திரம். இந்த மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் எரிகோவைக் கட்டினார்கள்; யோசுவாவின் படை சுற்றிவந்து ஊதிக் கத்தியதும் மதில் விழுந்ததாக வேதம் சொல்லும் பட்டணம் அது. அதற்கு அட்டைப்பெட்டி என் மருந்துக்கடையிலிருந்துதான் வந்தது. எல்லாம் சலைன் பாட்டில் பெட்டிகள். செங்காவி பூசினார்கள்; வேலூர் வெயிலில் அது காயப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு சுற்று சுற்றி, ஊதி, கத்தி, பெட்டிகள் சரிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

திரும்பி வரும்போது, கோட்டை அகழி ஓரமாக, வண்டியின் பின்னாலிருந்து பேத்தி கேட்டாள்: "தாத்தா, உள்ள இருந்த பசங்க என்ன ஆனாங்க?" டீச்சரிடமும் கேட்டிருக்கிறாள். "அவங்க கெட்டவங்கம்மா, அதான் ஆண்டவர் தண்டிச்சாரு" என்று பதில் வந்ததாம்.

ஆசிரியையைக் குறை சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. யோசுவா 6:21 வாலிபரையும் கிழவரையும் ஆடுமாடுகளையும் பட்டயக்கருக்கினால் சங்காரம்பண்ணியதாக, அதாவது வாளால் வெட்டி அழித்ததாகச் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி வாசித்துக் காட்டுவது?

மதிலுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது நம் ஊருக்குத் தெரியாததல்ல. 1806 ஜூலை 10 அன்று இதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி கோட்டையைப் பிடித்ததும், சுமார் 100 இந்தியச் சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாற்றப்போகிறார்கள் என்ற பயமும் அந்த எழுச்சிக்கு ஒரு காரணம். நாற்பது ஆண்டு கழித்து, 1846இல், அதே மதிலுக்குள் புனித யோவான் ஆலயம் எழுந்தது. அந்த மதிலைத் தினம் பார்த்துக்கொண்டே, விழுந்த மதிலுக்குக் கைதட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பழைய ஏற்பாடே வேண்டாம் என்று இரண்டாம் நூற்றாண்டில் சொன்னவர் மார்சியோன். ரோமாபுரி சபை 144ஆம் ஆண்டிலேயே அவரை விலக்கிவிட்டது. சரி, நானும் அதைக் கேட்கவில்லை. ஏசாயாவையும் சங்கீதங்களையும் இழந்துவிட்டு என்ன செய்வது?

ஆனால் வேதமே தன்னோடு வாதாடுகிறது, அதை ஏன் மறைக்கிறோம்? யோசுவா 10இல் சுவாசமுள்ள யாவும் சங்காரமாகிறது. நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தைத் திறந்தால் அந்த நாட்டுக் கானானியர் அங்கேயே குடியிருக்கிறார்கள். போர் முடிந்த ராஜாக்கள், எல்லாரையும் அழித்துவிட்டோம் என்று அப்படித்தான் மிகைப்படுத்திப் பேசினார்கள். இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் ராஜா மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு 1868இல் கிடைத்தது. நேபோ ஊரில் 7000 பேரைக் கொன்று தன் தேவதைக்கு ஒப்புக்கொடுத்ததாக அதில் எழுதியிருக்கிறான். யோசுவா புத்தகத்தில் சங்காரத்துக்கு வரும் எபிரெயச் சொல்லும் அவன் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்தது என்றும் வெட்டியிருக்கிறான். அழியவில்லை என்பது நமக்குத் தெரியும்.

அப்புறம் இஸ்ரவேலின் ராஜா யெகூ. முன்பு ஆண்ட ஆகாபின் குடும்பத்தை வெட்டிப்போட்டதற்காக 2 இராஜாக்கள் 10இல் அவனுக்குப் பாராட்டு. அவன் வெட்டிய ஊரான யெஸ்ரயேலின் அதே இரத்தத்துக்காக அவன் வம்சத்தையே கணக்குக் கேட்பேன் என்று தீர்க்கதரிசி ஓசியாவிடம் சொல்கிறார் கர்த்தர். இந்த இரண்டையும் ஒரே ஞாயிறு வாசித்து நான் கேட்டதே இல்லை.

தங்களை ஏற்காத ஒரு கிராமத்தின்மேல் எலியாவைப்போல அக்கினி இறக்கட்டுமா என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் இயேசு அவர்களை அதட்டினார். நாசரேத்தில் ஏசாயா 61ஐ வாசித்தவர் "கர்த்தருடைய அநுக்கிரக வருஷ"த்தோடு நிறுத்திப் புத்தகத்தைச் சுருட்டினார். வாக்கியம் அங்கே முடியவில்லை; அடுத்து வருவது "நீதியைச் சரிக்கட்டும் நாள்", அதாவது பழிவாங்கும் நாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வேதம் வாசிக்கக் கற்றுத்தர அவர் போதும்.

அடுத்த மே மாதமும் எரிகோ கட்டுங்கள், பெட்டி நான் தருகிறேன். ஆனால் ஒரு பெட்டியில் ஜன்னல் வெட்டி, யோசுவாவின் வேவுகாரரை ஒளித்துவைத்ததால் பிழைத்த ராகாபின் சிவப்பு நூலைத் தொங்கவிடுங்கள். மற்றப் பெட்டிகளிலும் ஜன்னல் வெட்டுங்கள். உள்ளே யார் யார் இருந்திருப்பார்கள் என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த மதிலை யார் தள்ளுவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு தாத்தா, வேலூர்