ஜிங்கிஸுகான்: சுடுவது நம் கையில்தான்

ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அங்கே பேர்பெற்ற செம்மறி இறைச்சி உணவான ஜிங்கிஸுகானை ‘மங்கோலியர்களின் ஆட்டு வறுவல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர் இரண்டு இடத்தில் ஏமாறுவார். அது மங்கோலிய உணவு இல்லை. சமைத்துத் தட்டில் கொண்டுவந்து வைக்கவும் மாட்டார்கள். பச்சை இறைச்சியும் காயும் அடுப்பும் மேசைக்கு வரும், சுடுவது சாப்பிட வந்தவர் வேலை. சுடத் தெரியாமல் இறைச்சியை ரப்பராக்கிவிட்டு, ‘செம்மறி என்றாலே இப்படித்தான்’ என்று பாதியில் எழுந்துவிடுகிறவர்கள் உண்டு. நல்ல உணவுக்கு அந்தப் பழி வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பெயர் செங்கிஸ்கானுடையது, சமையல் ஜப்பானியர்களுடையது. அவருடைய வீரர்கள் இரும்புத் தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதில் ஆடு சுட்டார்கள் என்று கடைகளில் சொல்வது வெறும் கதை. உண்மையான தொடக்கம் கம்பளியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கம்பளி இறக்குமதி தடைபட்டதும், ராணுவச் சீருடைக்காக நாட்டில் பத்து லட்சம் செம்மறிகளை வளர்ப்பது என்று ஜப்பான் அரசு 1918-இல் திட்டம் போட்டது. அதற்கென நிறுவிய ஐந்து பண்ணைகளில் இரண்டு ஹொக்கைடோவில், தகிகாவாவிலும் சப்போரோவின் த்ஸுகிசமுவிலும் இருந்தன. கம்பளிக்கு வந்த ஆடு பிறகு அடுப்புக்கும் வந்தது. 2004-இல் இது ‘ஹொக்கைடோ மரபுச் செல்வங்கள்’ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இன்று ஜப்பானில் உண்ணும் செம்மறி இறைச்சியில் உள்நாட்டு ஆடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் அனுப்புகின்றன. ‘ஹொக்கைடோ ஆடு’ என்று பட்டியலில் தனியாகப் போட்டிருந்தால் விலை கூடுதலாக இருக்கும், அதுவும் எல்லா நாளும் கிடைக்காது.

பட்டியலைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். நாம் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. அங்கே ‘மாட்டன்’ என்பது இரண்டு வயதைத் தாண்டிய செம்மறி. ‘ராமு’ என்பது ஒரு வயது நிறையாத குட்டி. இடைப்பட்டதை ‘ஹொகெட்டோ’ என்பார்கள். வயது ஏற ஏற வாடையும் ஏறும், ருசியும் ஏறும். வாடைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்கள் கொழுப்பில்தான் சேர்கின்றன, சதையில் மிகக் குறைவு. ஆகவே கவிச்சி பிடிக்காதவர் ராமுவில் கொழுப்பு குறைந்த தொடைப்பகுதியைக் கேட்கலாம். அதன் பெயர் ‘மோமோ’. ‘கதாரோஸு’ என்ற தோள்பகுதியில் கொழுப்பு கலந்திருக்கும், மென்மையும் அதிகம்.

இனி முக்கியமான விஷயம். ஜிங்கிஸுகான் இரண்டு வகை. எந்தக் கடை எந்த வகை என்று உட்காருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ‘அஜித்ஸுகே’: சோயா சாஸில் ஆப்பிள், வெங்காயம், இஞ்சி முதலியவை அரைத்துக் கலந்த ‘தாரே’ குழம்பில் இறைச்சியை முன்பே ஊறவைத்துக் கொடுப்பது. இது தகிகாவா பக்கத்து வழக்கம். 1956-இல் தொடங்கிய மத்ஸுவோ கடை இதற்குப் பேர்பெற்றது. மற்றது ‘அதோஸுகே’: எதுவும் தடவாத இறைச்சியைச் சுட்டு, பிறகு தாரேயில் தொட்டுச் சாப்பிடுவது. சப்போரோவில் இதுதான் அதிகம். அந்நகரின் சுஸுகினோ பகுதியில் 1954 முதல் இருக்கும் தாருமா கடையின் கரி அடுப்பு இந்த வகை. ஒன்றுக்கு ஏற்ற தீ மற்றதைக் கெடுத்துவிடும். ஊறிய இறைச்சியில் பழத்தின் சர்க்கரை இருப்பதால் பெருந்தீயில் உள்ளே வேகுமுன் மேலே கருகிக் கசக்கும். ஊறாத இறைச்சியைச் சிறுதீயில் போட்டால் நீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் வெந்து கிடக்கும், சுட்ட மணமே இருக்காது.

சட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் பாதி வித்தை பிடிபட்டுவிடும். கனமான வார்ப்பிரும்பு. நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு மேடு. உச்சியிலிருந்து நாலாபுறமும் இறங்கும் வரிப்பள்ளங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால். மேட்டில் சுடும் இறைச்சியின் கொழுப்பும் சாறும் பள்ளங்கள் வழியே இறங்கி வாய்க்காலில் கிடக்கும் காயை வேகவைக்கும். எனவே மேடு இறைச்சிக்கு, வாய்க்கால் காய்க்கு. சில சட்டிகளில் பள்ளங்களுக்கு நடுவே நீளத் துளைகள் இருக்கும். அவை கரி அடுப்புக்கும் ஊறாத இறைச்சிக்கும் உரியவை. ஊறிய இறைச்சியை அதில் போட்டால் தாரே தீயில் சொட்டிப் புகையும் சாம்பலும் எழும்பி இறைச்சியில் ஒட்டும்.

முதலில் வெறும் சட்டி நன்றாகக் காய வேண்டும். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும். நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடமாவது பொறுக்க வேண்டும். பிறகு, கூடவே வரும் வெள்ளைக் கொழுப்புக் கட்டியை உச்சியில் வைத்து, உருகத் தொடங்கியதும் இடுக்கியால் சரிவு முழுக்கத் தேய்த்துவிட்டு மறுபடி உச்சியிலேயே வைத்துவிடுங்கள். சாப்பிட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விடும். அவசரக்காரர்கள் சட்டி காயுமுன் இறைச்சியைப் போடுகிறார்கள். அது இரும்பில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுத்தால் சட்டியில் பாதி நின்று கருகும். அந்தக் கரி அடுத்தடுத்த துண்டுகளிலும் ஏறும்.

அடுத்தது காய். ‘மோயாஷி’ என்னும் பயறுமுளையையும் வெங்காயத்தையும் வாய்க்காலில் நிரப்புங்கள். பரங்கிக்காய், கேரட் வேக நேரமாகும் என்பதால் சரிவின் அடிப்பகுதியில், இரும்பைத் தொடுமாறு வையுங்கள். அதோஸுகே வகையில் மேட்டில் ஒரு நேரத்தில் நான்கைந்து துண்டு போதும், ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது. தட்டோடு கவிழ்த்தால் சட்டியின் சூடு ஒரேயடியாக இறங்கிவிடும். நான்கைந்து மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு என்றால் முதல் பக்கம் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை. ஓரம் பழுப்பாகி, மேல்பக்கத்தில் சாறு சிறு முத்துகளாகத் துளிர்க்கும். திருப்ப வேண்டிய நேரம் அதுதான். மறுபக்கத்துக்கு அதில் பாதி நேரம். ஒரே தடவை திருப்புங்கள். இடுக்கியால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் சாறெல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும்.

அஜித்ஸுகேயில் தீயைக் குறைத்து வைத்து, இறைச்சியை மேட்டில் பரப்பி, கிண்ணத்தில் மிஞ்சும் தாரேயை வாய்க்காலில் ஊற்ற வேண்டும். மேட்டின்மேல் ஊற்றினால் சர்க்கரை நொடியில் கருகும். கருகிவிட்டால் சுரண்டிக்கொண்டிருக்காமல் சட்டியை மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

‘ரோரு’ என்று வட்டமாக, உறைந்த நிலையில் வருவது தனி ரகம். எலும்பு நீக்கிய துண்டுகளைச் சேர்த்து அழுத்தி உருளையாக உறையவைத்துச் சீவியது. மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் இளகி உதிர்ந்துவிடும். வந்த கையோடு காய்களின்மேல் வைத்து ஆவியில் வேகவிடலாம். இதில் சிவப்பு துளியும் தங்கக் கூடாது. முழுத்தசையாக இருந்தால் கிருமி பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும், ரோருவிலோ வெளிப்பரப்பாக இருந்தது உள்ளே போயிருக்கிறது. உறையவைக்காத ‘நாமா ராமு’வைச் சற்று இளஞ்சிவப்பாகச் சாப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறுவர்களும் எதையும் முழுக்க வேகவைத்தே சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதி: பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கி தனி, வாய்க்குப் போகும் குச்சி தனி.

நம் வாசகர்கள் பலருக்கு முக்கியமான ஒன்றைக் கட்டுரை சொல்லவே இல்லை. உச்சியில் வைக்கும் அந்த வெள்ளைக் கட்டி சில கடைகளில் ஆட்டுக் கொழுப்பு. சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அடுப்பு பற்றவைக்குமுன் ‘அபுரா வா கியூஷி தெஸு கா?’ என்று கேட்க வேண்டும். கொழுப்பு மாட்டுடையதா என்பது பொருள். ஆம் என்றால் தாவர எண்ணெய் கேளுங்கள். முன்பு பயன்படுத்திய சட்டியில் மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள். தாரேயில் மதுவோ ‘மிரின்’ என்ற இனிப்பு அரிசி மதுவோ சேர்ந்திருக்கலாம். ஹலால் பார்ப்பவர்கள் அதையும் இறைச்சியின் மூலத்தையும் விசாரிக்க வேண்டும். சோயா சாஸில் கோதுமை இருப்பது வழக்கம் என்பதால் அது ஒவ்வாதவர்களுக்கு உப்பு மட்டும் தொட்டுக்கொள்ளும் அதோஸுகேதான் வழி.

புகை உடையில் ஏறும், கம்பளி மேலாடையில் நாள்கணக்கில் நிற்கும். பல கடைகளில் மேலாடையைப் போட்டுக் கட்ட பெரிய பிளாஸ்டிக் பையும், கழுத்தில் கட்ட ஏப்ரனும் கொடுப்பார்கள். கழுத்துத் துண்டு, தொப்பி, கைப்பை எல்லாம் அந்தப் பைக்குள் போகட்டும். வரம்பில்லாமல் சாப்பிடும் ‘தாபெஹோதாய்’ எடுத்தால் நேரக்கணக்கு உண்டு. கடைசி ஆர்டர் எப்போது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சட்டியை நிரப்பத் தூண்டுவது இந்த நேரக்கணக்குதான்.

செம்மறிக் கொழுப்பு மற்ற கொழுப்புகளைவிடச் சீக்கிரம் உறையும். சுட்டதைத் தட்டில் சேர்த்துவைத்தால் வெள்ளையாகப் படிந்து, நாக்கில் மெழுகு போல ஒட்டும். சுடச்சுடச் சாப்பிட வேண்டியது இதனால்தான். குளிர்ந்த பீரைவிடச் சூடான தேநீர் இதற்கு நன்றாக ஒத்துப்போகும் என்பது எங்கள் கருத்து. பீரோடுதான் ஜிங்கிஸுகான் என்பவர்கள் அங்கே அதிகம் என்பதும் தெரியும். அஜித்ஸுகே முடிந்ததும் உடோன் நூடுல்ஸ் கேட்டு, வாய்க்காலில் தேங்கிய தாரேயில் புரட்டிச் சாப்பிடாமல் எழாதீர்கள். இறைச்சிச் சாறும் வெங்காய இனிப்பும் முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும்.

அடுத்த முறை ஹொக்கைடோ பற்றி எழுதும்போது அஜித்ஸுகே, அதோஸுகே என்ற இரண்டு சொற்களையும், கொழுப்பைப் பற்றிய அந்த ஒரு கேள்வியையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சப்போரோ வாழ் தமிழ் வாசகர்கள்,
ஹொக்கைடோ, ஜப்பான்.