எங்கள் தந்தையாருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தத்தில் பலருக்கும் 'அவில்தார் ஐயா' என்றே அறிமுகமாகியிருந்த எங்கள் தந்தையார், கடந்த மாதம் தம் 80ஆம் வயதில் வீட்டிலேயே இயற்கை எய்தினார். துக்கத்தில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும் என்றுதான் முதலில் எண்ணினோம். பதினாறாம் நாள் வந்திருந்த கூட்டத்தைப் பார்த்த பிறகு அது நடவாது என்று தெரிந்ததால், குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவரேனும் பட்டாளத்துக்குப் போகும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டை அதற்குப் பேர்போனது. எங்கள் குடும்பம் அப்படிப்பட்டதல்ல. தாத்தா கைத்தறி லுங்கி நெய்தவர். தறிக்குழியில் கால் வைக்க மனமில்லாமல், 1964இல் 19 வயதில் ரயிலேறி, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பயிற்சி மையத்தில் அப்பா சேர்ந்தார். 1780இல் சென்னையில் உருவான படைப்பிரிவு அது. அதன் வீரர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். உடல் ஓய்ந்து படுத்துவிட்ட கடைசி வாரங்களிலும், பழைய தோழர்கள் யாராவது தொலைபேசியில் 'என்ன தம்பி' என்றால், தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் பதில் சொல்வார்.

இரங்கல் சொன்னவர்களில் பெரும்பாலோர் 1971 போரைக் குறிப்பிட்டீர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரைக் கண்ணிவெடி வயல்களில் டாங்கிகளுக்கு வழி திறந்த 9ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டில் அப்பா இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது மிகக் குறைவு. வழி முழுவதும் திறந்து முடிவதற்குள்ளாகவே பூனா குதிரைப்படையின் டாங்கிகள் அந்த வயலைக் கடந்து போனதையும், அவற்றில் ஒன்றில் இருந்த 21 வயது அதிகாரி அருண் கேத்ரபால் டிசம்பர் 16ஆம் தேதி உயிர்நீத்ததையும் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்போதும் 'கேத்ரபால் சாப்' என்றுதான் சொன்னார்.

ஒருநாள் என் மகன் விடாமல் கேட்டதன்பேரில், மாடி கட்டக் கொட்டியிருந்த மணலில் சோடா மூடிகளைப் புதைக்கச் சொல்லி, ஒரு ஈர்க்குச்சியோடு குப்புறப் படுத்துக்கொண்டார். குச்சியை நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், அதனால் சாய்வாகச் செலுத்தி அதன் விலாவைத் தொட வேண்டும் என்று விளக்கியபடியே, விரலிடை விரலிடையாக நகர்ந்து ஏழு மூடிகளையும் எடுத்தார். பையன் புதைத்தது எட்டு. எட்டாவது அகப்படும்வரை அன்று சாப்பிட வரவில்லை. அம்மா இரண்டு முறை குழம்பைச் சுடவைத்தார்.

1984இல் ஓய்வுபெற்றுத் திரும்பிய பிறகு அவர் செய்துவந்த வேலையைத்தான் நீங்கள் அதிகம் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்கள் காலமான பின் மனைவியருக்கும் ஓய்வூதியத் தாள்களை எழுதிக்கொடுப்பதுதான் அது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர், கல்யாணத்தைப் படைப் பதிவேட்டில் சேர்க்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகவே இல்லை, ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி இல்லை: இப்படி ஏதாவது ஒரு குறையால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோயிருக்கும். ஓர் அலுவலகத்தில் நான்கு முறை திருப்பியனுப்பப்பட்ட ஒரு தாய்க்காக, அப்பா படையின் ஆவண அலுவலகமான பெங்களூரு ரெக்கார்ட்ஸுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் மட்டுமே ஒரு தனிக் கட்டாக இருக்கின்றன. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்தபோது, கைப்பேசியைத் தொடவே கூச்சப்பட்டவர், 75 வயதுக்குமேல் அதையும் பேரனிடம் கற்றுக்கொண்டார்.

இனி நன்றிகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீடு தேடி வந்து, முகம் சுளிக்காமல் சிறுநீர்க்குழாய் மாற்றிப் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டிய செவிலியருக்கும், மருந்து வாங்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் அப்பாவின் நிலையை விசாரித்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் வேலூர் மருந்தகப் பணியாளர்களுக்கும், இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் உருளையை ஏற்றிவந்துவிட்டு வாடகையே வேண்டாமென்று போய்விட்ட எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அந்த வாடகையை நாங்கள் இன்னும் கடனாகத்தான் வைத்திருக்கிறோம், தம்பி.

அடக்கத்தன்று நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உடலின்மேல் தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று உறவினர் சிலர் வற்புறுத்தியபோது, அரசு மரியாதையோடோ படைத்துறை மரியாதையோடோ நடக்கும் இறுதிச் சடங்குகளுக்குத்தான் அந்த முறை உரியது, ஓய்வுபெற்ற எல்லோருக்கும் பொருந்தாது என்பதை, துக்க வீட்டில் குரல் உயர்த்தாமல் எடுத்துச் சொன்ன முன்னாள் படைவீரர் சங்கத்துச் சுபேதார் ஐயாவுக்கு நன்றி. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விதியை மீறிக் கிடைக்கும் மரியாதையை அப்பா விரும்பியிருக்க மாட்டார். கொடிக்குப் பதிலாக, 1971 போருக்காக வழங்கப்பட்ட சங்கிராம் பதக்கமும் பஸ்சிமி ஸ்டாரும் கோத்த பட்டையைச் சுபேதார் ஐயாவே துடைத்து மார்பின்மேல் வைத்தார். பிறகு சங்கத்தார் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். அவர்களில் ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நின்றார்.

மழையில் குழி சரிந்துவிடாமல் இருமுறை வெட்டிக் கொடுத்த மயானப் பணியாளர்களையும், தெருமுனையிலிருந்து கடைசிவரை வாசித்துவந்த பறைக் கலைஞர்களையும் இத்தகைய மடல்களில் யாரும் குறிப்பிடுவதில்லை. அன்று முழுக்க நனைந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு எங்கள் வணக்கம். மூன்று நாளும் அடுப்பு மூட்ட விடாமல் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த தெருவினருக்கும், எங்கள் வீட்டுத் துக்கத்துக்காகத் தறிகளை நிறுத்திவைத்த பக்கத்து வீட்டாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பாவின் மேசை இழுப்பறையில், அவரை நம்பிக் கொடுத்துவைத்த தாள்கள் 14 உறைகளில் இருக்கின்றன. ஒவ்வோர் உறையின் மேலும் பெயரையும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் பென்சிலால் எழுதியிருக்கிறார். மூல ஆவணங்கள் ஆனதால் அஞ்சலில் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. உரியவர்கள் மாலை 5 மணிக்குமேல் எந்த நாளிலும் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். மீதி வேலையை முடித்துத்தரச் சுபேதார் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓர் உறையில் 'உயிர்வாழ் சான்றிதழ், நவம்பருக்குள், மறக்காதே' என்று அடிக்கோடிட்டிருக்கிறது. அந்த அம்மா மட்டும் தயவுசெய்து முதலில் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மூத்த மகளும் குடும்பத்தாரும்
குடியாத்தம்