மாப்ள, முதலில் ஸ்டீயரிங்கை விடு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஆறு கார் விளம்பரங்களையும் பார்த்தேன். ஆறும் டர்போ, அதாவது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளிச் சக்தியைக் கூட்டும் வகை. ஆறிலும் குதிரைத்திறனைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கடைசியில் "இதில் எதை வாங்கலாம் மாமா?" என்று ஒரு வரி. ஒன்றையும் வாங்காதே என்பதுதான் என் பதில். கோபப்படாமல் மேலே படி. டிரிஃப்ட், அதாவது வளைவில் பின் சக்கரங்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் வித்தையை, கற்றுக்கொள்ளாதே என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தவன் நான், உன்னைத் தடுக்க எனக்கு வாய் கிடையாது. உன்னைப் போலவே வேறு பையன்களும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். அக்கா கண்ணில் பட்டால் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நான் செய்த தப்பு இதுதான். முதல் டிரிஃப்ட் கார் என்று நான் வாங்கியது ஒரு பழைய டர்போ வண்டி. 4,000 ஆர்பிஎம் (என்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) வரைக்கும் தூங்கும். அதைத் தாண்டினால் பேய் பிடித்தது போலப் பாயும். தரையில் வைக்கும் கூம்பு, அதாவது ஒரு கோனைச் சுற்றி வட்டம் போடப் பழகுகிறவனுக்கு வேண்டியது, காலை ஒரு நூல் அழுத்தினால் ஒரு நூல் மட்டும் பதில் சொல்கிற என்ஜின். என் வண்டியோ கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்கும், இல்லையென்றால் ஒன்றுமே கொடுக்காது. மூன்று நாள் பம்பரமாகச் சுற்றிச் சுற்றி நின்றேன். நான்காம் நாள், பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த ஒருவர் பாவம் பார்த்துத் தன் 1.6 லிட்டர் சின்ன என்ஜின் வண்டியின் சாவியை நீட்டினார். சாயங்காலத்துக்குள் முதல் முழு வட்டம் வந்துவிட்டது. பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பதை அந்த வண்டி இடுப்பில் முன்கூட்டியே சொன்னது. என் டர்போ அந்தச் சேதியைச் சொன்ன நேரத்தில் நான் ஏற்கெனவே பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். முதல் நாள் ஈரத் தளத்தில் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "ஸ்டீயரிங்கை விடுங்க." நான் விடவில்லை. எவனாவது விடுவானா? வண்டி வலது பக்கம் திரும்பும்போது பின்பக்கம் இடது பக்கம் தள்ளிப் போகும். அப்போது முன் சக்கரங்கள் இடது பக்கம் பார்க்க வேண்டும். இதைத்தான் கவுன்ட்டர் ஸ்டீயர் என்கிறோம். நான் அதைக் கையால் முறுக்கி முறுக்கிச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் தாமதமாக. அவர் கடையில் சாமான் தள்ளும் டிராலி ஒன்றைக் காட்டினார். அதன் முன் சக்கரத்தை யாரும் திருப்புவதில்லை, வண்டி போகிற திசைக்கு அதுவே திரும்பிக்கொள்கிறது. காரின் முன் சக்கரங்களும் அப்படித் திரும்பத்தான், அவை திரும்பும் அச்சைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் சாய்வுக்குக் கேஸ்டர் என்று பெயர். பின்பக்கம் நழுவியதும் கையைத் தளர்த்தினால், ஸ்டீயரிங் தானாகவே உள்ளங்கைகளுக்கு நடுவே சர்ரென்று ஓடி, கிட்டத்தட்டச் சரியான இடத்துக்கு வந்துவிடும். வந்ததும் பிடித்துக்கொள், அவ்வளவுதான் உன் வேலை. கட்டைவிரலை மட்டும் உள்ளே கொக்கி போட்டு வைக்காதே. ஓடுகிற ஸ்டீயரிங்கின் கம்பி என் விரலில் அடித்த அடியில் ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

அதற்கு அப்புறம் வருவதுதான் ஆபத்தான இடம். வண்டி நழுவுகிறது, முன் சக்கரம் இடது பக்கம் பார்க்கிறது, நீ பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுக்கிறாய். பின் டயருக்குச் சட்டென்று பிடிப்பு திரும்பும். முன் சக்கரம் பார்க்கும் பக்கத்துக்கே வண்டி விசுக்கென்று பாயும். டிரிஃப்ட் பழகுகிறவர்கள் சுவரில் போய் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான், நழுவும்போது இல்லை, நழுவல் திடீரென்று நிற்கும்போது. காலை மெல்லத்தான் எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து நேராக வர வேண்டும். அதனால்தான் பழகும் இடம் நாலாபக்கமும் காலியாக, மூடிய தளமாக இருக்க வேண்டும் என்கிறேன். சாலை வேண்டவே வேண்டாம். எதிரே வருகிறவனுக்கு நீ பழகுகிறாய் என்று தெரியாது.

நீ வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். இந்த வித்தையைப் பந்தயத்தில் பிரபலமாக்கியவர் என்று குனிமிட்சு தகஹாஷியைச் சொல்வார்கள். 1961-ல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ ஒன்றை ஜெயித்த முதல் ஜப்பானியர் அவர்தான். பிறகு காருக்கு மாறி, 1970களில் டூரிங் கார் பந்தயங்களில் வளைவுக்குள் வண்டியைச் சறுக்கவிட்டே ஓட்டினார். அன்றைய டயர்களுக்கு அது எடுபட்டது. அவரைப் பார்த்துப் பழகிய கெய்ச்சி சுசியா அதை மலைப்பாதைகளுக்குக் கொண்டு போனார், பிற்பாடு டி1 கிராண்ட் பிரீ என்ற போட்டி உருவாகவும் காரணமாக இருந்தார். அந்தப் போட்டியில் முதலில் யார் வந்தார் என்பது கணக்கில்லை. சறுக்கும் பாதை, கோணம், வேகம் எல்லாம் பார்த்துத்தான் புள்ளி. இன்றைய டயரில் சறுக்கிப் போகிறவனை, ஒட்டிப் போகிறவன் சுலபமாக முந்திவிடுவான். ஆகவே, 30 - 40 கிலோமீட்டர் வேகம் உனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

முதலில் ஒரே கோன், ஈரத் தரை, சின்ன வட்டம். அதில் ஆக்சிலரேட்டரால் வட்டத்தைப் பெரிதாக்கவும் சின்னதாக்கவும் பழகு. வலது பக்கச் சுற்று கைவந்ததும் இடது பக்கச் சுற்று. நமக்கு ஒரு பக்கம் எப்போதும் கை வராது, எனக்கு இன்றைக்கும் இடது பக்கம் திக்கும். அப்புறம் இரண்டு கோன் வைத்து எட்டு போடு. ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வண்டியின் எடை தாவும் அந்த அரை நொடிதான் டிரிஃப்ட்டின் உயிர், அங்கே எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் தகும். கண்ணை அடுத்த கோனில் வை. முகப்பு எங்கே பார்க்கிறதோ அங்கே நீ பார்த்தால் வண்டியும் அங்கேயே போய் நிற்கும்.

எட்டு வந்த பிறகுதான் சறுக்கலைத் தொடங்கும் முறைகள். ஹேண்ட்பிரேக்: கிளட்சை மிதித்து, லீவரின் பட்டனை அமுக்கியபடியே ஒரு இழு இழுத்து விடு. கிளட்சை மறந்தால் என்ஜின் நின்றுவிடும். லீவர் இல்லாமல் வெறும் பட்டனால் இயங்கும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டி இதற்கு உதவாது. கிளட்ச் கிக்: ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே கிளட்சை ஒரு உதை உதைத்து விட வேண்டும். எகிறிய ஆர்பிஎம் மொத்தமும் பின் சக்கரத்தில் போய் இடிக்க, டயர் பிடிப்பை விட்டுவிடும். கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் இது நல்லதில்லைதான். ஆனாலும் சக்தி குறைந்த வண்டிக்கு இதைவிட்டால் வழியில்லை, அதில் பழகிய கால் எந்த வண்டியிலும் பேசும். ஃபெய்ன்ட், அதாவது வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி எடையை ஊசலாட விடுவது, அது இப்போது வேண்டாம்.

இப்போது கார். பின்சக்கர இழுவை, மேனுவல் கியர், 120 முதல் 200 குதிரைத்திறன், டர்போ இல்லாத என்ஜின். முன்சக்கர இழுவை வண்டியில் ஹேண்ட்பிரேக் போட்டு வாலைத் தள்ளலாம், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முன் சக்கரம் இழுத்து நேராக்கிவிடும்.

நீ கனவு காணும் டொயோட்டா ஏஇ86 எனக்கும் பிடிக்கும். சுமார் 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, கற்றுக்கொள்ள அதைவிட நேர்மையான வண்டி இல்லை. ஆனால் 1987-ல் தயாரிப்பு நின்ற வண்டி அது. இன்று அது சேகரிப்பவர்களின் பொக்கிஷம். அதை ஒரு கோனில் இடிக்கவே உனக்குக் கை நடுங்கும், கை நடுங்கினால் கற்க முடியாது. நிஸான் சில்வியா எஸ்13, எஸ்15 கதையும் அதேதான். மஸ்டா எம்எக்ஸ்-5 லேசான வண்டி, டயர் நிறைய தின்னாது. ஆனால் பழைய மாடலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,265 மி.மீ. தான். குட்டையான வண்டி சட்டென்று சுற்றிக்கொள்ளும். பிஎம்டபிள்யூ இ36-ல் அந்த நீளம் 2,700 மி.மீ. பின்பக்கம் நிதானமாகத் தள்ளும், யோசிக்க உனக்கு நேரம் கிடைக்கும். என் ஓட்டு அதற்குத்தான். ரேடியேட்டர் பக்கத்துப் பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் வாங்கியதுமே மாற்றிவிடு. பக்கவாட்டில் போகும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று சரியாக வராது, என்ஜின் கொதித்துவிடும். அதற்கு அடுத்த தலைமுறையான இ46 கிடைத்தாலும் சரி, ஆனால் பின் சப்ஃபிரேம், அதாவது பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம், மாட்டியிருக்கும் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பார். டொயோட்டா 86 (பழைய ஏஇ86 இல்லை, பிற்பாடு வந்த புது வண்டி) கைக்கு எட்டினால் யோசிக்காமல் எடு.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஜாக்கில் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்று. எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வெல்டு வைத்துப் பூட்டப்பட்டது, அல்லது கிளட்ச் வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் வகை. எதிர்த் திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல். டார்சன் என்ற பல்சக்கர எல்எஸ்டியும் எதிர்த் திசையில்தான் சுற்றும், அதையும் கேட்டுக்கொள். ஓப்பன் என்றால் ஒரு சக்கரம் மட்டும் புகை விடும், சறுக்கல் நிலைக்காது. முதல் செலவு அதை மாற்றத்தான், பம்பருக்கோ சைலன்ஸருக்கோ இல்லை. வெல்டு மலிவு, ஆனால் மெதுவாகத் திரும்பும்போது உள்பக்க டயர் கீச்சுக் கீச்சென்று குதிக்கும், அச்சும் சீக்கிரம் தேயும். அடுத்தது உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட். நீ விழாமலிருக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கினால், அதைத் தளர்த்திவிட முடியாது.

நல்ல டயர் முன்னால், தேய்ந்த டயர் பின்னால். காய்ந்த தரையில் ஒரு ஜோடி ஒரே நாளில் கம்பி தெரிகிற அளவுக்குப் போய்விடும், ஈரத்தில் பல நாள் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வீல் நட்டுகளை முறுக்கிப் பார். ஹெல்மெட் உன்னுடையது, இரவல் வேண்டாம்.

அந்த ஆறில் மூன்றாவது விளம்பரத்துக்குக் கீழே, அதே ஆள் விற்கிற ஒரு பழைய இ36 இருந்தது. துருப்பிடித்த மட்கார்டோடு ஓரமாக நின்றதால் நீ கவனிக்கவில்லை. போய்ப் பார். ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றும்போது வீடியோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
மாமா