மகளுக்கு, கைவிலங்கைப் பற்றி

பாப்பாவுக்கு,

ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடிந்த அன்று எடுத்த போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். தோளில் எஸ்.ஐ.க்கான இரண்டு நட்சத்திரம். ஏட்டாகவே ரிட்டயர் ஆன எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. காக்கியைக் கஞ்சி போட்டுத் தேய்ப்பதும், பெல்ட் பக்கிளை பிராஸோ போட்டுத் துடைப்பதும் சின்ன வயதிலிருந்தே உனக்குப் பழக்கம். நான் எழுத உட்கார்ந்தது கைவிலங்கைப் பற்றி.

1994-இல் பம்புசெட் மோட்டார் திருடிய பையன் ஒருவனை, பஸ்ஸில் கோர்ட்டுக்கு வழிக்காவல் கூட்டிப் போனோம். இருபது வயதுகூட இருக்காது. பாதி வழியில் அவன் ஊர்க்காரர் ஒருவர் ஏறினார். அவர் கண்ணில் படாமல் இருக்க, தோளில் கிடந்த துண்டை இழுத்து இழுத்துக் கையை மூடிக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரத்தில், "கை மரத்துப்போச்சு சார்" என்றான். நடிக்கிறான் என்று நினைத்தேன். கோர்ட்டில் கழற்றினால் மணிக்கட்டில் பள்ளம் விழுந்திருந்தது. கட்டைவிரலின் பின்பக்கம் கிள்ளினேன், அவனுக்குத் தெரியவில்லை.

தப்பு என்னுடையது. விலங்கு பூட்டினால் மட்டும் போதாது. சாவியின் முனையில் இருக்கிற சின்ன ஊசியால் இரண்டாவது பூட்டையும் போட வேண்டும். அதைப் போடாவிட்டால் கை அசையும்போது பல் பல்லாக இறுகிக்கொண்டே போகும். அவன் துண்டை இழுத்த ஒவ்வொரு தடவையும் அதுதான் நடந்திருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது, அது நசுங்கினால் உணர்வு திரும்ப வாரக்கணக்கில்கூட ஆகும். பூட்டியதும் உன் விரல் ஒன்று உள்ளே நுழைகிறதா என்று பார்.

அன்று மாஜிஸ்திரேட் என்னிடம், "எதற்கு விலங்கு? காரணம் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. காரணத்தை எழுத்தில் பதியாமல் விலங்கு போடக் கூடாது என்று 1980-லேயே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியிருந்தார். பதினாலு வருஷம் கழித்து, தலை குனிந்து நின்றபடி அதைத் தெரிந்துகொண்டேன். மறு வருஷமே, மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 43-ஆம் பிரிவு, கொலை, போதைப்பொருள், காவலிலிருந்து தப்பியவர் என்று சிலவற்றுக்கு விலங்கு போடலாம் என்கிறது. 'போடலாம்' என்றுதான் இருக்கிறது, பாப்பா. தப்பாமல் இருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 46-ஆம் பிரிவாக அப்படியே நிற்கிறது. மோட்டார் திருடிய பையன் அந்தப் பட்டியலில் இல்லை.

உன் கீழே வேலை பார்க்கிற காவலர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. கைதி ஓடிவிட்டால் வழிக்காவலுக்குப் போனவருக்கு சஸ்பென்ஷன். அந்தப் பயத்தில் விலங்கு தானாகக் கைக்கு வந்துவிடும். நானும் அந்தப் பயத்தில்தான் பூட்டினேன். அதனால் ஆள் குறைவாக அனுப்பாதே. இரண்டு பேர் போகிற இடத்துக்கு மூன்று பேரைக் கேட்டு வாங்கு. இல்லை என்றால், கேட்டதையாவது ஜி.டி.யில், அதுதான் ஸ்டேஷனின் தினசரிப் பதிவேட்டில், எழுதி வை.

அப்புறம், ஸ்டேஷனில் சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உன் இடது கையிலேயே ஒன்றைப் பூட்டி ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பார். சாவி வலது கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா