மொட்டைமாடித் தொட்டியின் நிழல்

மெல்போர்ன்,
ஆடி 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். திருமங்கலம் வீட்டு மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட ஒருவர் வந்து அளந்து போனதாகவும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும் என்பதால் முன்பணம் கொடுக்கப்போவதாகவும் அம்மா போனில் சொன்னார். மானியக் கணக்கு சரிதான். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கே சோலார் பொருத்தும் வேலைப் பயிற்சியில் எனக்கு இது இரண்டாம் ஆண்டு. பேனலைத் தூக்கிக் கொடுக்கவும் சட்டம் பொருத்தவும் உதவியாளாகச் சேரலாம். வயரைத் தொடுவதற்கு எலக்ட்ரீசியன் உரிமம் வேண்டும், அதற்கு நான்காண்டுப் பயிற்சி. உடம்பில் பெல்ட் மாட்டிக் கயிற்றைக் கொக்கியில் கோத்த பிறகே ஓட்டுக் கூரையில் கால் வைக்க விடுகிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

முதல் செய்முறைத் தேர்வில் நான் தோற்றதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. நம் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கை என்ற மிதப்பில், பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டரின் உலோகப் பின்னை, வயரோடு சேர்த்து அழுத்தும் கிரிம்பிங் கருவியால் இறுக்காமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டினேன். பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் வயரைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அந்த உலோகப் பின் கனெக்டருக்குள்ளேயே நிற்க, வயர் மட்டும் அவர் கையோடு வந்தது. அவ்வளவுதான், தேர்வு முடிந்தது.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது; காரணம் பிறகுதான் புரிந்தது. நீங்கள் ஆயுள் முழுக்கக் கையாண்ட, திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், அதில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடுகிறது. பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் டிசிக்கு அந்த ஓய்வே கிடையாது. நம் வீட்டுக்கு 540 வாட் பேனல் ஆறு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 வோல்ட், தொடராக இணைத்தால் 300 வோல்ட். தளர்ந்த இணைப்பில் பொறி பிடித்தால் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றும்வரை அது நின்று எரியும். டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் வோல்டேஜ் இருக்கும். ஆகவே வேலை நடக்கும்போது அருகிலிருந்து, எந்தக் கருவியால் கிரிம்பிங் செய்கிறார்கள் என்று பாருங்கள்; ஒன்றோடொன்று மாட்டும் கனெக்டர் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். பகலில் எதையும் நீங்களாகப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நிழல். இங்கே பேனலை வடக்கு பார்த்து வைப்பது வந்த புதிதில் எனக்குத் தலைகீழாகப் பட்டது. நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கேதான் நிற்கிறது. இப்போது அடிவானிலிருந்து முப்பது டிகிரி சொச்சம்தான் ஏறுகிறது. நம்மூரில் சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணியில்தான் மறுபடி தெற்கே திரும்புகிறது. அதனால் ஆடியில் வந்து அளந்தவருக்கு நம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெற்குக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமே விழுந்திருக்கும். தொட்டிக்கு வடக்கே உள்ள இடம் பளிச்சென்று தெரிந்திருக்கும். மார்கழியில் அதே நிழல் வடக்கே நீண்டு முதல் வரிசைப் பேனலின் மேல் விழும். தொடரில் ஒரு பேனலின் மூலையில் நிழல் பட்டாலும் அதன் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் போகலாம். தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்ற முடியுமா என்று கொத்தனாரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பேனலைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்க விடாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். நம்மூர் வெயிலில் பேனல் 65 டிகிரி தொட்டால் நூற்றுக்குப் பதினான்கு போய்விடும். அடியில் காற்று ஓட வேண்டும்.

தொட்டியையும் சுற்றுச்சுவரையும் டேப் வைத்து அளந்து, திசை குறித்து, கையால் வரைந்து படமெடுத்து அனுப்புங்கள். மார்கழி நிழல் எங்கே விழும் என்று கணக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்