மால்டாவின் வரலாற்றில் மால்டா மக்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான மால்டா பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மத்தியதரைக் கடலில் 316 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள ஒரு தீவு நாட்டுக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனாலும் படித்து முடித்தபோது மனம் நிறையவில்லை. ஃபினீசியர், ரோமர், அரபியர், புனித யோவான் சபை என்ற கிறித்தவ அமைப்பின் வீரத்துறவிகள், நெப்போலியன், ஆங்கிலேயர் என்று வந்து ஆண்டவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து, அங்கேயே மடிந்த மக்கள்தான் இல்லை.

1565ஆம் ஆண்டின் பெரும் முற்றுகையையே எடுத்துக்கொள்வோம். துருக்கிய ஒட்டோமான் பேரரசின் படையைத் தடுத்து நிறுத்திய பெருமை முழுவதையும் சபைத் தலைவர் லா வலெட்டுக்கும் அவருடைய வீரத்துறவிகளுக்கும் கட்டுரை கொடுத்துவிட்டது. அந்தத் துறவிகள் சில நூறு பேர்தான். கோட்டைச் சுவர்களில் நின்று போரிட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் உள்ளூர்க் குடியானவர்களும் மீனவர்களும். பெண்களும் சிறுவர்களும் கல் சுமந்து, இரவோடு இரவாக, இடிந்த சுவரை அடைத்தார்கள். வென்ற மறு ஆண்டு எழுப்பத் தொடங்கிய தலைநகருக்கு மட்டும் தலைவரின் பெயர்: வலெட்டா.

முற்றுகைக்கும் 14 ஆண்டுகள் முன்பு, 1551இல், பக்கத்துத் தீவான கோசோவில் நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. ஒட்டோமான் கப்பற்படை குன்றின்மேல் இருந்த சிறு கோட்டையைப் பிடித்து, தீவின் மக்களில் ஏறக்குறைய எல்லாரையும், ஐயாயிரம் பேர் அளவில், அடிமைகளாகக் கொண்டுபோனது. ஒரு தீவே காலியானது. பிறகு குடியேறியவர்களும் தப்பித் திரும்பியவர்களும் 1637 வரை இரவானால் அந்தக் கோட்டைக்குள் போய்த்தான் உறங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. அதன் மதிலில் ஏறிச் சுற்றிலும் வயல்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டாமா?

மால்டாவுக்கு ஐந்து தேசிய நாள்கள் உண்டு. செப்டம்பர் 8 முற்றுகை முடிந்த நாள். 1964இல் விடுதலை பெற்ற செப்டம்பர் 21, 1974இல் குடியரசான டிசம்பர் 13, கடைசி ஆங்கிலப் படை வெளியேறிய 1979 மார்ச் 31 ஆகியவை அடுத்து வருபவை. ஐந்தாவதான ஜூன் 7 என்னை அதிகம் உலுக்குகிறது. முதல் உலகப் போர் முடிந்து ரொட்டி விலை ஏறியிருந்த 1919இல், வலெட்டா தெருக்களில் திரண்ட கூட்டத்தை நோக்கி ஆங்கிலப் படை சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். இரண்டே ஆண்டில் உள்நாட்டு ஆட்சிக்கு ஓர் அரசியல் சட்டம் வந்தது. அதே 1919 ஏப்ரலில் நம் ஜாலியன்வாலாபாக்கில் நடந்ததை அறிந்த நமக்கு, மால்டாவின் ஜூன் 7ஐ விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொமினோத் தீவின் நீலக் கடற்கழி அழகுதான். கோடையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அதற்கு அரைப் பக்கம் கொடுத்துவிட்டு ஹால் சஃப்லியெனிக்கு ஒரே வரி கொடுத்தது நியாயமில்லை. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது தற்செயலாகக் கிடைத்த நிலத்தடிக் கல்லறை அது. உலோகமே அறியாத மனிதர்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லாலும் கொம்பாலும் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, மூன்று அடுக்குகளாக அறைகள் அமைத்தார்கள். தரைக்கு மேல் எழுப்பும் கட்டடத்தைப் போலவே, தூணும் வாசலும் விட்டமுமாக, உள்ளே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாயிரம் பேர்வரை அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒருக்களித்து உறங்கும் பெண்ணின் சின்னஞ்சிறு மண் சிலை அங்கே கிடைத்ததுதான். இப்போது வலெட்டாவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிலை முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கோசோவின் ஜிகாந்தியா கோயில்களும் எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தியவை. யார் ஆண்டார்கள் என்ற பேச்சே இல்லாத காலம் அது. தீவுக்காரர்கள் தங்களுக்காகவே கட்டியவை.

ஒரு திருத்தமும் அவசியம். கட்டுரையோடு வந்த பெரிய படத்தில் உள்ள ‘நீலச் சாளரம்’ என்ற பாறை வளைவு இப்போது இல்லை. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. படத்தை நம்பி யாரும் அதைத் தேடிப் போகக் கூடாது.

போக எண்ணும் வாசகர்களுக்காக இரண்டு செய்திகளை அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுங்கள். ஹால் சஃப்லியெனிக்குள் பார்வையாளர்களின் மூச்சுக் காற்றே பாறையைக் கெடுக்கும் என்பதால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 பேரைத்தான் விடுகிறார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதே அதற்கும் இணையத்தில் முன்பதிவு செய்துவிட வேண்டும். கோசோவுக்கு மால்டாவின் வடமுனையான சிர்கெவாவிலிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடாமல் ஓர் இரவாவது அங்கே தங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
மதுரை.