பழவேற்காட்டு மீனில் பாதரசத்தை அளந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். சாம்பல் கண்ணில் படுகிறது, காயப்போட்ட துணியில் படிகிறது. ஆகவே அதைப் பற்றிப் பேசுகிறோம். அதே புகைபோக்கி வழியே ஆவியாக வெளியேறும் பாதரசத்தைப் பற்றி, ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பழவேற்காட்டில் பேச்சே எழுவதில்லை.

நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. எரியும்போது ஆவியாகும் அதில் ஒரு பகுதி காற்றோடு நெடுந்தூரம் போய்விடும். ஆக்சிஜனேற்றம் அடைந்த பகுதியோ நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளிலேயே மழையோடும் தூசியோடும் இறங்கும். ஏரிச் சேற்றின் நுண்ணுயிர்கள் அதை உடலில் தங்கிச் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்ற, அது சிறு மீன்களிலிருந்து அவற்றைத் தின்னும் கொடுவா போன்ற பெரிய மீன்களுக்குச் செறிவு கூடிக்கொண்டே சென்று, அவற்றை உண்ணும் தாயின் வழியாகக் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கக்கூடியது. எங்களுக்குத் தெற்கே அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் நிலக்கரி எரிகிறது. கோடைத் தென்காற்று எங்களை நோக்கித்தான் வீசுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், ஒரு கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. பாதரச மாசைக் கட்டுப்படுத்துவதற்கான பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கைக்கு இந்தியா 2018-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அந்த வரம்பு செறிவுக்குத்தான். ஆண்டுக்கு மொத்தம் எத்தனை கிலோ என்பதை அது கேட்பதில்லை. கந்தகத்தை நீக்கும் கருவிகள் பாதரசத்தில் ஒரு பங்கையும் பிடித்துவிடும். அக்கருவிகளிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு 2025 ஜூலையில் விலக்கு அளித்தபோது, இந்தப் பயனும் சேர்ந்தே கைவிட்டுப் போனது.

"வாத்தியாரே, இதை வெளியே சொன்னா எங்க மீனை யாரு வாங்குவாங்க?" என்று, வலைக்குப் போகும் என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் எண் தெரியாத இடத்தில்தான் வதந்தி விலை பேசும். மடவையும் இறாலும் பிற மீன்களை வேட்டையாடி உண்பவை அல்ல. அவற்றில் அளவு குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதித்துச் சொன்னால் விற்பவருக்கும் நல்லது, கர்ப்பிணிப் பெண்களுக்கும் எதை உண்ணலாம் என்பது தெரியும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஆகவே இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் சேர்ந்து, புகைபோக்கியில் அளந்த பாதரசத்தின் அளவை நிலைய வாயிலிலும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஏரி மீனில் அளந்த அளவை இரு கரை மீன் ஏலக்கூடங்களிலும், தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பழவேற்காடு.